எடை இறங்கிவிட்டது, இரத்தக் கொதிப்பு மாத்திரையை எறிந்துவிடலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டேன். கேமரன் மலை, கியா பார்மிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்விதான். ஆனால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே இந்த இதழில் நம் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கடிதத்தின் சுருக்கம் இதுதான். வாசகி காய்கறிச் சந்தையில் சிறிய கடை வைத்திருக்கிறார். அவருடைய அக்காளுக்குப் பத்து வருடமாக இரத்தக் கொதிப்பு. தினம் மூன்று விதமான மாத்திரை. உடம்பும் கனம். நான்கு மாதங்களுக்கு முன்பு கோலாலம்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். இருபது கிலோவுக்கு மேல் இறங்கிவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் கொஞ்ச நாளாகக் குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. போன வாரம் காலையில் படியிறங்கும்போது தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். "எடை போனதும் கொதிப்பும் போய்விட்டது, மாத்திரைகளைத் தூக்கி எறி" என்கிறார்கள் பக்கத்து வீட்டார். "டாக்டர் கொடுத்த மாத்திரை, ஒன்றையும் விடாதே" என்கிறார் மாமியார். யார் சொல்வதைக் கேட்பது?

சகோதரி, இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியில் ஆபத்து இருக்கிறது. காரணத்தைப் பிறகு விளக்குகிறேன். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த தவணைத் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக்கே அக்காளை அழைத்துக்கொண்டு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்குக்கோ, தானா ராத்தாவில் உள்ள சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனைக்கோ போங்கள். வீட்டில் இருக்கிற மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் கொடுத்த கடிதத்தையும் மறக்க வேண்டாம். "உட்கார்ந்தும் பார்க்க வேண்டும், எழுந்து நின்றும் பார்க்க வேண்டும்" என்று கேட்டுப் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். தலைசுற்றல் எழுந்து நிற்கும்போது வருகிறது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, முகமோ கையோ ஒரு பக்கம் இழுத்துக்கொண்டாலோ, குடித்த தண்ணீர்கூட நிற்காமல் வாந்தியானாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, அன்றைக்கே, அந்த நேரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருவோம். இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் எடுத்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 54 பேருக்கு மேல் எடை அதிகம் உள்ளவர்கள் அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். நூற்றுக்கு 29 பேருக்கு இரத்தக் கொதிப்பு. ஆகவே தோட்டமானாலும் பட்டணமானாலும் இந்த இரண்டும் ஒன்றாகக் குடியிருக்கும் வீடுகள் ஏராளம்.

எடைக்கும் கொதிப்புக்கும் என்ன சம்பந்தம்?

இருதயம் ஒரு பம்பு. அது இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரில் ஏற்படும் அழுத்தம்தான் மேல் எண். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே இருதயம் தளரும்போது இருக்கும் அழுத்தம் கீழ் எண். 1896இல் இத்தாலிய டாக்டர் ரிவா ரோச்சி, கையில் கட்டும் காற்றுப் பட்டையை வைத்து இதை அளந்து காட்டினார். 1905இல் ரஷ்ய டாக்டர் கொரட்கோவ், முழங்கை மடிப்பில் குழாய் வைத்துச் சத்தம் கேட்டு இரண்டு எண்களையும் பிரித்தறியும் வழியைக் கண்டார். இன்றைக்கும் அடிப்படை அதேதான். கிளினிக்கில் வெவ்வேறு நாட்களில் பார்த்து, மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, அதற்கு மேலேயே நின்றால் அதை இரத்தக் கொதிப்பு என்கிறோம்.

உடம்பு பெருத்தால் இந்த எண் ஏன் ஏறுகிறது? "பெரிய உடம்புக்கு நிறைய இரத்தம் வேண்டும், அதனால்தான்" என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு பங்குதான். வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு சிறுநீரகத்தை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரத்தக் குழாய்களை இறுகச் செய்யும் சுரப்புகளும் நரம்புகளும் கூடுதலாக வேலை செய்யத் தொடங்குகின்றன. கழுத்தில் சேர்ந்த கொழுப்பினால் தூக்கத்தில் மூச்சு அடைபட்டு அடைபட்டுத் திறக்கிறது. பலமான குறட்டைக்கு நடுவே திடீரென்று மூச்சு நின்று, பிறகு திணறி வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு திணறலிலும் பிரஷர் எகிறுகிறது. இரவெல்லாம் இது நடந்தால் பகலிலும் எண் இறங்காது.

இதனால்தான் எடை குறைந்தால் கொதிப்பும் குறைகிறது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரியாக ஒரு கிலோ குறைந்தால் மேல் எண் ஒன்று குறைவதாகக் கண்டிருக்கிறார்கள். ஐந்து கிலோ குறைத்தவருக்கு ஐந்து புள்ளி. இதற்கு ஆபரேஷன் வேண்டியதில்லை. வாயைக் கட்டி, காலை வீசி நடந்தாலே கிடைக்கும். இதைச் சிறிது என்று தள்ள வேண்டாம்.

ஆபரேஷன் என்றால் என்ன?

சாப்பாட்டுக் கட்டுப்பாட்டாலும் நடையாலும் மருந்தாலும் இறங்காத கடுமையான பருமனுக்குத்தான் ஆபரேஷன். அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966இல் இரைப்பை பைபாஸ் அறுவையைத் தொடங்கினார். பைபாஸ் என்றதும் இருதயம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். இன்று அதிகமாகச் செய்யப்படும் இன்னொரு வகைக்கு 'ஸ்லீவ்' என்று பெயர். சட்டைக் கை என்று பொருள். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் நீக்கிவிட்டு, சட்டைக் கை போல ஒரு குறுகிய குழாயை மட்டும் விட்டுவைக்கிறார்கள். இரண்டையும் இப்போது வயிற்றில் சிறு துளைகள் போட்டே செய்கிறார்கள். நம் நாட்டிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் போன்ற பெரிய ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறது.

யாருக்குச் செய்யலாம்? எடையைக் கிலோவில் எழுதி, அதை மீட்டரிலுள்ள உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் ஓர் எண் வரும். 1 மீட்டர் 55 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண் 84 கிலோ இருந்தால் அந்த எண் 35. உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022இல் வெளியிட்ட வழிகாட்டியில் 35க்கு மேல் இருந்தால் ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம் என்றார்கள். நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு 27.5க்கு மேலேயே யோசிக்கலாம் என்றும் சொன்னார்கள். அதே உயரத்துக்கு அது 66 கிலோ. இதைப் படித்துவிட்டு 66 கிலோ உள்ள பெண்கள் எல்லோரும் ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். யோசிக்கலாம் என்பதற்கும் செய்தாக வேண்டும் என்பதற்கும் நிறைய தூரம். மற்ற நோய்கள், வயது, மனநிலை, சாப்பாட்டுப் பழக்கம் எல்லாவற்றையும் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

ஆபரேஷன் தேதி குறித்தவர்களுக்கு ஒரு வார்த்தை. "எப்படியும் சரியாகப் போகிறதே" என்று பிரஷர் மாத்திரையை முன்கூட்டியே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கட்டுப்படாத கொதிப்போடு மேசையில் படுப்பது ஆபத்து. ஆபரேஷனே தள்ளிப்போகலாம். அதற்கு முந்திய சில வாரங்கள் கல்லீரல் சுருங்குவதற்காகக் கடுமையான பத்தியம் கொடுப்பார்கள். அந்தப் பத்தியத்திலேயே பிரஷர் இறங்கத் தொடங்கலாம், சர்க்கரையும் இறங்கலாம். ஆகவே அந்த வாரங்களிலும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அன்று காலையில் எந்த மாத்திரையைப் போட வேண்டும், எதை விட வேண்டும் என்பதை மயக்க மருந்து டாக்டர் சொல்லுவார். அவரைக் கேளுங்கள், பக்கத்துக் கட்டிலில் இருப்பவரைக் கேட்காதீர்கள்.

பிறகு என்ன ஆகிறது?

பக்கத்து வீட்டார் சொன்ன பாதி உண்மை இங்கேதான் இருக்கிறது. பிரேசில் நாட்டின் சாவ் பாவ்லோ நகரில் இதையே சோதித்துப் பார்த்தார்கள். உடல் பெருத்து, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பிரஷர் மருந்துகளை உயர்ந்த அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 100 பேரைச் சேர்த்தார்கள். சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்துப் பாதிப் பேருக்கு பைபாஸ் ஆபரேஷனும் மருந்தும், மீதிப் பேருக்கு மருந்து மட்டும் என்று வைத்தார்கள். 2018இல் முதல் ஆண்டு முடிவு வெளிவந்தது. ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் சுமார் பாதிப் பேருக்கு மாத்திரை இல்லாமலே பிரஷர் 140க்கு 90க்குக் கீழே நின்றது. மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட அப்படி ஆகவில்லை. ஐந்து வருடம் கழித்துப் பார்த்த முடிவு 2024இல் வந்தது. அப்போதும் ஆபரேஷன் செய்தவர்களில் நூற்றுக்கு 47 பேர் மாத்திரை இல்லாமல் இருந்தார்கள். மற்றவர்களில் நூற்றுக்கு 2 பேர்தான்.

நல்ல செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் படியுங்கள். நூற்றுக்கு 47 பேர் மாத்திரையிலிருந்து விடுபட்டார்கள் என்றால், 53 பேர் விடுபடவில்லை. பெரும்பாலோருக்கு மாத்திரை குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. உங்கள் அக்காள் 47 பேரில் ஒருவரா, 53 பேரில் ஒருவரா என்பது பக்கத்து வீட்டாருக்குத் தெரியாது. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு பழைய ஆராய்ச்சியையும் சொல்ல வேண்டும். ஸ்வீடன் நாட்டில் 1987இல் தொடங்கி, ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத சுமார் 2,000 பேரையும் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். கொதிப்போடு வந்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில், இரண்டு வருடத்தில் நூற்றுக்கு 34 பேருக்குக் கொதிப்பு நீங்கியிருந்தது. பத்து வருடம் ஆனபோது அது நூற்றுக்கு 19 ஆகிவிட்டது. செய்துகொள்ளாதவர்களைவிட அப்போதும் மேல்தான். ஆனாலும் போன கொதிப்பு பலருக்குத் திரும்பி வந்துவிட்டது. அவர்களில் பலருக்குச் செய்தது இரைப்பையில் வளையம் போடும் பழைய முறைகள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இதற்காக ஆபரேஷன் வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதே கூட்டத்தாரைப் பற்றி 2007இல் வந்த அறிக்கையில், ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே மரணம் குறைவாக இருந்தது தெரிந்தது. சர்க்கரை நோயும் நன்றாகக் குறைந்தது. கொதிப்பு மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரன். போனது போல் போய்த் திரும்பிப் பார்க்கும்.

ஏன் திரும்புகிறது? வயது ஏறுகிறது, குழாய்கள் விறைக்கின்றன. சிலருக்கு எடை மெல்ல மெல்லத் திரும்புகிறது. பல வருடக் கொதிப்பினால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதாகியிருந்தால், எடை போனாலும் அந்தப் பழுது போகாது. பெற்றோர் வழியாக வந்த கொதிப்பும் அப்படித்தான்.

தலை ஏன் சுற்றுகிறது?

இப்போது மாமியார் சொன்ன பாதியைப் பார்ப்போம். ஆபரேஷனுக்குப் பிறகு பிரஷர் இறங்குவது எடை முழுவதும் இறங்கிய பிறகுதான் என்பதில்லை. சிலருக்கு முதல் சில வாரங்களிலேயே இறங்கிவிடுகிறது. சாப்பாடு குறைந்துவிட்டது; அதோடு உப்பும் குறைந்துவிட்டது. சின்ன இரைப்பையில் ஒரே மூச்சில் ஒரு கோப்பைத் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. அதனால் உடம்பில் நீரும் குறைந்துவிடுகிறது. இந்த நிலையில் 104 கிலோ உடம்புக்கு எழுதிக் கொடுத்த மாத்திரைகளை 82 கிலோ உடம்பு அப்படியே விழுங்கிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? எழுந்து நிற்கும்போது மூளைக்கு ஏற வேண்டிய இரத்தம் காலிலேயே தங்கிவிடும். கண் இருட்டும். தட்டையான தரையில் விழுவது வேறு; கேமரன் மலைச் சரிவில் விழுவது வேறு. அதிலும் நீர் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வாந்தி பேதி கண்ட நாட்களில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். சிறுநீரகமே பழுதாகிவிடக்கூடும்.

ஆகவே மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கலாம். ஆனால் குறைக்கிற கை டாக்டருடையதாக இருக்க வேண்டும். பல காரணங்கள் உண்டு. மூன்று மாத்திரையில் எதை முதலில் எடுப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. இருதயத் துடிப்பை நிதானப்படுத்தும் அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பு எகிறி நெஞ்சுவலியே வரலாம். பெரின்டோபிரில், லோசார்டன் போன்றவை சிறுநீரகத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் காவலாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். பிரஷர் சரியானாலும் சிறிய அளவில் தொடரச் சொல்லுவார்கள். நாள் முழுதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்த மாத்திரைகள், பைபாஸ் செய்த வயிற்றில் சரியாகச் சேராமல் போகலாம்; அவற்றை மாற்றிக் கொடுப்பார்கள். நீங்களாக இடித்துப் பொடியாக்கிக் கொடுத்துவிட வேண்டாம்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எடை இறங்கியதும், வெகுநாளாகக் கரு தங்காதிருந்தவர்களுக்கும் தங்குவது உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்றிலிருந்து ஒன்றரை வருடத்துக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்லுகிறார்கள். பெரின்டோபிரில், லோசார்டன் வகைகள் வயிற்றுக் குழந்தைக்குக் கேடு செய்பவை. குழந்தை பெறும் வயதிலுள்ளவர்கள் டாக்டரிடம் இதை வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கை கால் வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரைகளும் கூடாது. ஐபுபுரூபன், டைக்குளோபினாக் போன்றவை சிறிய இரைப்பையில் புண்ணாக்கும், பிரஷரையும் ஏற்றும். மலையில் சளி பிடிக்காத ஆள் இல்லை. மூக்கடைப்புக்கு விற்கும் சில மாத்திரைகளும் பிரஷரை ஏற்றும். கடைக்காரரிடம் "எனக்குக் கொதிப்பு உண்டு, இரைப்பை ஆபரேஷன் ஆகியிருக்கிறது" என்று சொல்லி வாங்குங்கள்.

பட்டையைப் பாருங்கள்

இனிச் சொல்லப்போவது பலர் கவனிக்காத சங்கதி. பிரஷர் பார்க்கும் கருவியை ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறோம். அதோடு வரும் கைப்பட்டை எல்லாக் கைக்கும் பொருந்துமா? பொருந்தாது. பருத்த கையில் சிறிய பட்டையைக் கட்டினால் எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். மெலிந்த கையில் பெரிய பட்டையைக் கட்டினால் குறைவாகக் காட்டும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் 2023இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டிப் பார்த்தபோது மேல் எண் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. ஏறக்குறைய இருபது! 125 உள்ளவரை 145 என்று காட்டிவிடும்.

ஆபரேஷன் செய்தவர் வீட்டில் இது இரட்டைத் தொல்லை. முன்பு கை பருத்திருந்தபோது சிறிய பட்டையில் பார்த்திருந்தால், இல்லாத கொதிப்பைக் கூட்டிக் காட்டியிருக்கும். பெரிய பட்டை வாங்கி வைத்திருந்தால், இப்போது கை மெலிந்த பிறகும் அதையே கட்டுவதால், இருக்கிற கொதிப்பை மறைத்துவிடும். ஆகவே தையற்கார நாடா ஒன்றை எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே கையின் சுற்றளவை அளந்து பாருங்கள். பட்டையிலேயே எத்தனை சென்டிமீட்டருக்கு அது பொருந்தும் என்று அச்சிட்டிருக்கும். எடை இறங்க இறங்க, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளக்க வேண்டும். சட்டை அளவு மாறும்போது பட்டை அளவும் மாறும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

மலைவாசிகளுக்கு இன்னொன்று. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும், பிரஷர் ஏறும். விடியற்காலையில் 15, 16 டிகிரிக் குளிரில் வெளியே போய்விட்டு வந்து, குளிர்ந்த கையில் உடனே பட்டையைக் கட்டினால் வரும் எண் சரியான எண் அல்ல. வீட்டுக்குள் வந்து ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள். அரை மணி நேரத்துக்குள் காப்பி, தேநீர், சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். கம்பளிச் சட்டையின் மேல் கட்டாமல் வெறுங்கையில் கட்டுங்கள். கால் இரண்டும் தரையில் படியட்டும். கை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். பேசாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பாருங்கள். பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்றாவது நிமிடத்தில் ஒன்று. நின்றதும் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10, அதற்கு மேல் இறங்கினால் அதைக் குறித்துக்கொண்டு டாக்டரிடம் காட்டுங்கள். கண் இருட்டுகிறவர் தனியாக நின்று பார்க்க வேண்டாம். பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும்.

உப்பும் தண்ணீரும் நடையும்

முதல் மாதங்களில் தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். குளிர் ஊரில் தாகம் எடுக்காது. தாகத்தை நம்பக் கூடாது. டாக்டர் வேறு கணக்குச் சொல்லாவிட்டால் நாள் ஒன்றுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காமல், அதற்கு அரை மணி முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளுங்கள். வைட்டமின், இரும்புச்சத்து, பி12 இவற்றை எழுதிக் கொடுத்தபடி விடாமல் சாப்பிட வேண்டும். இரத்தசோகை வந்தாலும் தலை சுற்றும். அதைப் பிரஷர் என்று நினைத்து ஏமாந்துவிடக் கூடாது.

வருடங்கள் போகப் போக உப்பு மெல்ல உள்ளே நுழையும். உலக சுகாதார நிறுவனம் நாள் ஒன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது. 2017, 2018இல் நம் நாட்டில் எடுத்த கணக்கில் சராசரி 7.9 கிராம். அது கறியில் போடும் உப்பு மட்டும் அல்ல. கருவாடு, ஊறுகாய், நெத்திலிச் சம்பால், கிச்சாப்பு, பாக்கெட் மீ எல்லாம் உப்புப் பெட்டிகள். சிறிய இரைப்பைக்கு எளிதாக இறங்குகிறதென்று பாக்கெட் மீயையும் சூப்பையும் தினம் குடிக்கிறவர்கள், எடை ஏறாமலே கொதிப்பை ஏற்றிக்கொள்ளுகிறார்கள். கியா பார்மில் இருப்பவர்களுக்குக் கீரைக்கும் காய்க்கும் என்ன பஞ்சம்? மற்ற ஊர்க்காரர்கள் வந்து கூடை கூடையாக வாங்கிப் போகிற காய்கறி உங்கள் வாசலில் விளைகிறது. (சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் எந்தக் காய் எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.) தலைசுற்றல் நின்ற பிறகு தினம் அரை மணி நடை. குறட்டை போய்விட்டதா என்று வீட்டில் உள்ளவர்களைக் கேளுங்கள். போகவில்லையென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இப்போது எடை குறைக்க வாரம் ஒருமுறை போடும் ஊசிகளும் வந்திருக்கின்றன. ஆபரேஷன் வேண்டாம் என்று ஊசி போடுகிறவர்களுக்கும் நான் மேலே சொன்னது பொருந்தும். எடை எந்த வழியில் இறங்கினாலும் பழைய மாத்திரையின் கணக்கைப் புதிய உடம்புக்குத் தகுந்தாற்போல் மாற்றிப் பார்க்கத்தான் வேண்டும்.

ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கிக்கொள்ளுங்கள். தேதி, எடை, உட்கார்ந்து பார்த்த பிரஷர், நின்று பார்த்த பிரஷர், அன்று சாப்பிட்ட மாத்திரைகள் என்று ஐந்து கோடு போடுங்கள். மாத்திரையை மாற்றிக்கொண்டிருக்கும் காலத்தில் டாக்டர் சொல்லும் இடைவெளியில், தேவையானால் தினமும் எழுதுங்கள். நிலைமை சீரான பிறகு மாதம் ஒரு முறையாவது எழுதுங்கள். மாத்திரை முழுக்க நின்றுவிட்டாலும் புத்தகம் நிற்கக் கூடாது. கோலாலம்பூர் டாக்டரும் மலையிலுள்ள டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்திருக்க மாட்டார்கள். அந்தப் புத்தகம்தான் இருவருக்கும் நடுவே பேசும்.

ஆபரேஷன் செய்து ஐந்து வருடம், பத்து வருடம் ஆகி, "எனக்கு எல்லாம் சரியாகிவிட்டது" என்று கிளினிக் பக்கமே போகாதவர்களும் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். கொதிப்புக்குச் சத்தம் கிடையாது. வலிக்காது, அரிக்காது. வந்து உட்கார்ந்திருப்பது உங்களுக்கே தெரியாது. இந்த வாரம் ஒரு நாள் போய்க் கையை நீட்டிவிட்டு வாருங்கள்.